இருபது ரூபாய்க்குச் சண்டை, இருநூறுக்கு மௌனம்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷா தொழுதுவிட்டு ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தேங்காய் விலை 200 ரூபாயைத் தாண்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நோன்புக்குச் சில நாட்கள் இருந்தன. எங்கள் வட்டார வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் ஒன்றைப் போட்டார். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சில்லறைக் கடைதான். வாசலில் தேங்காய்க் குவியல், மேலே கிழித்த காட்போட் மட்டையில் 230 என்று எழுதியிருந்தது. படத்துக்குக் கீழே "பகல் கொள்ளை" என்று ஒருவர். "நோன்பு வருமுன்னமே ஆரம்பிச்சிட்டாங்க" என்று இன்னொருவர். நாங்களும் அந்தக் குழுவில்தான் இருந்தோம். சும்மா இருந்தோமா என்றால் இல்லை. "உண்மை" என்று எழுதி, கோப முகம் ஒன்றையும் சேர்த்துப் போட்டோம்.

அன்று பின்னேரமே குடும்பத்தோடு டவுனில் உள்ள சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனோம். நோன்புச் சாமான் என்று தள்ளுவண்டி நிறைய எடுத்தோம். எட்டாயிரத்துச் சொச்சம் வந்தது. கார்டைக் கொடுத்தோம், பில்லை மடித்து சேட் பையில் வைத்தோம். மூன்றாம் நாள் உடுப்புத் துவைக்கும்போதுதான் அது கையில் வந்தது. காயவைத்து வாசித்தால், சலவைத் தூள், பற்பசை, மாஜரின் இந்த மூன்றில் மட்டும் போன மாதத்தைவிட இருநூறு ரூபாய்க்கு மேல் கூடியிருந்தது. தேங்காய் அங்கே 225. ஒழுங்கைக் கடையைவிட ஐந்து ரூபாய்தான் குறைவு. அந்த இருநூறு ரூபாயைப் பற்றி நாங்கள் எந்தக் குழுவிலும் எழுதவில்லை. கோபமே வரவில்லை என்பதுதான் உண்மை. ஏன் வரவில்லை என்று யோசித்ததில் வந்த பதிவு இது.

பாடசாலை ஆசிரியர் அறையில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தோம். தேங்காய் என்ன விலை, முட்டை என்ன விலை, சீனி என்ன விலை என்று கேட்டால் எல்லோரும் ரூபாய்க் கணக்காகச் சொல்கிறார்கள். எந்தக் கடையில் ஐந்து ரூபாய் குறைவு என்பதுகூடத் தெரியும். பற்பசை என்ன விலை என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஒரு டீச்சர் 150 என்றார், இன்னொருவர் 300 என்றார். இருவரும் காலையில் பல் தீட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

அதாவது ஒரு விலை கூடவா குறைவா என்பதை நாங்கள் மனதில் ஏற்கெனவே வைத்திருக்கும் ஓர் இலக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்கிறோம். அந்த இலக்கம் தினமும் வாங்கும் பத்துப் பன்னிரண்டு சாமானுக்கு மட்டுமே எங்களிடம் இருக்கிறது. அரிசி, மா, சீனி, பருப்பு, முட்டை, தேங்காய், பால்மா, பாண், பெற்றோல், கொஞ்சம் மீன். மற்றதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது. பெரிய கடைகளை நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆட்கள் விலை பார்க்கும் சாமானை வாங்கிய விலைக்கே, சில நேரம் நட்டத்துக்கும் வைப்பார்கள். விலை பார்க்காத சாமானில் அதை எடுத்துவிடுவார்கள். உலகம் முழுக்க உள்ள வியாபார முறை இது, களவு என்று சொல்ல முடியாது.

ஆனால் எங்கள் ஒழுங்கைக் காக்காவின் கடையில் இருப்பதெல்லாம் விலை பார்க்கும் சாமான்கள்தான். அரிசி, சீனி, பருப்பு, தேங்காய், முட்டை, பாண். அவர் இலாபத்தை ஒளித்துவைக்க மாஜரின் பெட்டிகூட இல்லை. அவருடைய ஒவ்வொரு ஐந்து ரூபாயும் ஊர் முழுக்கத் தெரிகிறது. அதனால்தான் கொள்ளைக்காரப் பட்டமும் அவருக்கே போகிறது.

மனதில் இருக்கும் அந்த இலக்கம் எப்போது பதிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய். 2022 ஜூனில் 470. 2025இல் 300ஐ அண்டி வந்தபோது "பரவாயில்லை, குறைஞ்சிட்டு" என்று சொல்லிக்கொண்டு டேங்க் நிரப்பினோம். 177 கொடுத்துப் பழகிய ஆள் 300 கொடுத்துவிட்டுச் சிரிக்கிறார் என்றால், நடுவில் 470இல் போய் நின்று வந்ததுதான் காரணம். பெற்றோலில் எங்கள் மனம் உச்சத்தை வைத்து அளக்கிறது. ஆனால் சாப்பாட்டுச் சாமானில் அப்படியில்லை. அங்கே எங்களுடைய இலக்கம் 2021இலேயே நிற்கிறது. "அறுபது ரூபாய்க்குப் பாண் திண்ட நாங்க" என்று இன்னும் சொல்கிறோம். இது ஏன் இப்படி என்று எங்களுக்கு முழுதாக விளங்கவில்லை. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களின் பயம் இன்னும் போகவில்லையோ என்னவோ.

இதோடு சேர்ந்த குழப்பம் ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 வீதம் என்றார்கள், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி. சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் 94.9 வீதம். 2023 செப்டம்பரில் மொத்தப் பணவீக்கம் 1.3 வீதம். 2024 செப்டம்பரில் பூச்சியத்துக்கும் கீழே, மறை 0.5. செய்தியில் இதைக் கேட்டுவிட்டு மூத்தம்மா ஒருவர் எங்களிடம் கேட்டார்: "விலை இறங்கிட்டு எண்டு செல்றாங்களே மகன், மறுகா ஏன் கடையில இறங்கல்ல?"

தரம் 9 பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டினோம். 2021இல் நூறு ரூபாய்க்கு வந்த சாமான் 2022இல் 170 ஆகிவிட்டது. அடுத்த வருடம் அதன்மேல் 1.3 வீதம் கூடுகிறது, 172. அதற்கடுத்த வருடம் 0.5 வீதம் குறைகிறது, 171. பணவீக்கம் இறங்கியது உண்மை. விலை நூறுக்குத் திரும்பவில்லை என்பதும் உண்மை. இரண்டுக்கும் சண்டையில்லை. பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் விளங்கிக்கொண்டார்கள். வளர்ந்த ஆட்கள் இது தெரியாமல்தான் "அரசாங்கம் இறக்கின விலைய கடைக்காரன் அமுக்கிறான்" என்று முடிவெடுக்கிறோம்.

சில இடங்களில் அமுக்கத்தான் செய்கிறார்கள், அதையும் மறைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் மின்கட்டணம் சராசரியாக 20 வீதம் குறைக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் பேக்கரி, ஹோட்டல் எதிலும் ரோல்ஸோ பிளேன்டீயோ ஐந்து ரூபாய் இறங்கவில்லை. மின்சாரம் ஏறிய காலத்தில் கண்ணாடியில் ஒட்டிய "மின்கட்டண உயர்வு காரணமாக" என்ற கடதாசி சில இடங்களில் அப்படியே இருந்தது. நாங்களும் கேட்கவில்லை. ஏறும்போது சத்தம் போடுகிறோம். இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கவில்லையே என்று கேட்க வாய் வருவதில்லை. ஏனென்றால் அங்கே எதுவும் மாறவில்லை. மாறாத ஒன்றில் கண் படுவதில்லை.

இனி, "பழைய விலைக்கு வாங்கின சரக்குத்தானே, ஏன் புது விலை?" என்ற கேள்விக்கு வருவோம். எங்கள் ஊரில் கடை வாசலில் நடக்கும் வாய்த்தர்க்கத்தில் பாதி இதுதான். நாங்களும் கேட்டிருக்கிறோம். கேட்பது நியாயம்போலத்தான் தெரியும். 1986இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கனடாவில் கானமன், நெச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் தொலைபேசியில் ஆட்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பனி அள்ளும் சவள் 15 டொலருக்கு விற்ற கடைக்காரர், பெரிய பனிப்புயல் அடித்த மறுநாள் காலை அதையே 20 டொலருக்கு விற்கிறார், நியாயமா? 82 வீதமானோர் அநியாயம் என்றார்கள். ஆனால் கடைக்காரருக்கே கொள்விலை ஏறி, அதை அவர் வாடிக்கையாளர்மேல் போட்டால், அது பரவாயில்லை என்பதுதான் பெரும்பாலானவர்களின் பதில். மனிதர் எங்கும் ஒரே மாதிரித்தான். மாரி வெள்ளத்தில் கரண்ட் போன இரவில் மெழுகுதிரி விலையை ஏற்றினால் எங்களுக்கும் அதே கொதிப்புத்தான் வரும்.

ஆனால் காக்காவின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். கிலோ 250 ரூபாய்க்கு 50 கிலோ பருப்பு எடுக்கிறார். 280க்கு விற்கிறார். விற்று முடித்தால் கையில் 14,000 ரூபாய். இதற்கிடையில் மொத்தக்கடையில் விலை 290 ஆகிவிட்டது என்று வையுங்கள். அந்தப் பதினாலாயிரத்துக்கு 48 கிலோதான் வரும். கிலோவுக்கு முப்பது ரூபாய் இலாபம் வைத்த மனிதர், வீட்டுக்கு ஒரு சதமும் எடுக்காமல், கடை இரண்டு கிலோ சுருங்கி நிற்கிறார். 2022இல் இது ஒவ்வொரு கிழமையும் நடந்தது. விலை இறங்கும்போது இன்னொரு அடி. கூடின விலைக்கு எடுத்த சரக்கு றாக்கையில் இருக்கும். "டவுன்ல குறைஞ்சிட்டே காக்கா" என்று நாங்கள் புது விலையைத்தான் கொடுப்போம். பழைய விலைக்கு வாங்கின சரக்கு என்று அப்போது எங்களில் யாரும் சொல்வதில்லை.

இதைச் சொல்வதால் வியாபாரிகள் எல்லோருக்கும் நாங்கள் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். 2021இல் பால்மா தட்டுப்பாட்டில் பக்கெட்டை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "பிஸ்கட்டும் எடுத்தாத்தான் தருவம்" என்று சொன்ன கடைகள் எங்கள் சமூகத்திலும் இருந்தன. அது வேறு விடயம். மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று ஸஹாபாக்கள் கேட்டும் ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைச் செய்யவில்லை என்பது ஹதீஸ் கிரந்தங்களில் உள்ள செய்தி. அதே நபியவர்கள் பதுக்கி வைப்பவரைப் பாவி என்றார்கள். சந்தை தானாக ஏறுவதும், ஒருவர் ஒளித்துவைத்து ஏற்றுவதும் இரண்டு என்ற பிரிப்பு அதில் இருக்கிறது. அநியாயம் நடக்கும் இடத்தில் ஆட்சியாளர் விலை நிர்ணயிக்கலாம் என்று இப்னு தைமிய்யா போன்ற இமாம்கள் எழுதியதும் உண்டு. உலமாக்கள் இதை இன்னும் நன்றாக விளக்குவார்கள்.

விலை நிர்ணயம் என்றதும் அரிசி ஞாபகம் வருகிறது. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு 230, சம்பாவுக்கு 240, கீரிச்சம்பாவுக்கு 260 என்று அதிகபட்ச சில்லறை விலை வந்தது. நெல் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்த விலைக்கு நாட்டரிசி தேடி அலைந்தோம். கடையில் அரிசி இல்லை என்றார்கள். பின்பக்கத்தால் போனால் இருந்தது, பில் இல்லை. இதில் எங்கள் ஊருக்கே உரிய வேடிக்கை ஒன்றும் உண்டு. வயல் செய்கிறவர்கள் அறுவடை மாதத்தில் நெல் விலை ஏறவில்லை என்று அழுவார்கள். அவர்களே ஆறு மாதம் கழித்து அரிசி விலை ஏறிவிட்டது என்று அழுவார்கள். இரண்டும் உண்மையான அழுகைதான். நடுவில் உள்ள ஆலைக்காரர் எந்தப் பக்கத்தாலும் அழுததாகக் கேள்விப்படவில்லை.

விலை ஏறாமலே ஏறுவது இன்னொரு வகை. விலை அப்படியே இருக்கும், பக்கெட்டுக்குள் இருப்பது குறையும். நூறு கிராம் இருந்த பிஸ்கட் எண்பது கிராம் ஆனால், வெளியே அதே நிறம், அதே படம். இலக்கத்தைக் கவனிக்கும் கண் கிராமைக் கவனிப்பதில்லை. பாணிலும் இதுதான். நாங்கள் இன்னும் "ஒரு றாத்தல் பாண்" என்றுதான் கேட்கிறோம். கேட்பது நிறையை. வாங்குவது ஒரு உருவத்தை. 2024 பெப்ரவரியில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை பாணின் நிறை 450 கிராம் இருக்க வேண்டும், குறைந்தால் 13.5 கிராம் வரைதான் விடலாம் என்று நிர்ணயித்தது. அதை அச்சில் போட்டுச் சொல்ல வேண்டிய நிலை வந்தது என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அளவையில் குறைப்பவர்களைப் பற்றிக் குர்ஆனில் ஒரு ஸூராவே இருக்கிறது. ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருப்போம். பாணை ஒருநாளாவது தராசில் வைத்துப் பார்த்தோமா?

நாங்கள் பார்த்தோம், வகுப்பில். பிள்ளைகளை வீட்டில் உள்ள வெறும் பக்கெட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, விலையைக் கிராமால் பிரிக்கச் சொன்னோம். விகிதம் படிப்பிப்பதற்காகச் செய்தது. பால்மாவிலும் சலவைத் தூளிலும் சின்னப் பக்கெட்தான் கிராமுக்குக் கூடின விலை. ஷாம்பூவில் தலைகீழ், போத்தலைவிடப் பக்கெட் மலிவு. இதைக் கண்டுபிடித்த பிள்ளை வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொல்லி, உம்மா நம்பாமல், வாப்பா கணக்குப் பார்த்து ஒத்துக்கொண்டாராம். அந்த வகுப்பில் ஒரு பிள்ளையின் பக்கெட்டுகள் எல்லாமே சின்னவை. மிளகாய்த்தூள், தேயிலை, பால்மா, சவர்க்காரத்தூள் எல்லாம். கணக்கு முடித்து விடை வந்தபோது அந்தப் பிள்ளை கையை உயர்த்தி, "சேர், அப்ப எங்கட வீட்லதான் ஆகக் கூடின விலைக்குச் சாப்பிடுறம் எனா?" என்று கேட்டது. சிரித்துக்கொண்டுதான் கேட்டது. எங்களுக்குப் பதில் வரவில்லை.

அந்த வீட்டில் வாப்பா இல்லை. உம்மா தையல் வேலை செய்கிறார். முன்பு பெரிய பக்கெட்தான் எடுத்திருக்கிறார்கள், காக்காவின் கடன் கொப்பியில். மாதக் கடைசியில் கட்டிவிடுவார்களாம். பிறகு காக்கா கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார். கையில் இருக்கிற நூறு இருநூறுக்கு என்ன வருமோ அதைத்தான் அன்றன்று வாங்க வேண்டும் என்றால் சின்னப் பக்கெட் தவிர வேறு வழியில்லை.

காக்கா எப்போது நிறுத்தினார் என்று விசாரித்தோம். தேங்காய்ப் படம் வந்த கிழமை.

ஒரு அஸருக்குப் பிறகு கடைக்குப் போனோம். "கடன் இல்லை" என்ற மட்டை தொங்கியது. எழுத்தைப் பார்த்தால் தேங்காய் விலை எழுதிய அதே பேனை. என்ன காக்கா இப்படி என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "லொறியில 212 எண்டு போட்டான் சேர். நூறு இறக்கினா நாலு அஞ்சு அழுகல். நான் 230 போட்டன். கூடவா குறையவா, அது அல்லாஹ்வுக்குத் தெரியும். படம் எடுத்தவரு கொப்பியில எனக்குப் பதினெட்டாயிரம் தரணும். நீங்களும் அதுல எழுதியிருந்தீங்க எண்டு மகன் காட்டினான்."

இதற்கு என்ன சொல்வது? 2022இல் சம்பளம் பதினைந்து நாளில் முடிந்துபோன காலத்தில் அந்தக் கொப்பியில் எங்கள் பெயரும் இருந்தது. அந்த வருடம் எந்த சுப்பர்மார்க்கெட்டும் எங்களுக்கு ஒரு கிலோ அரிசி கடன் தரவில்லை. நிலைமை கொஞ்சம் சீரானதும் காசோடு டவுனுக்குப் போனோம், கறிவேப்பிலைக்கும் கடனுக்கும் மட்டும் காக்காவிடம் போனோம். கடனுக்குக் கொடுக்கும் கடை ஐந்து ரூபாய் கூட வைக்கத்தான் செய்யும். திரும்பி வராத காசுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கடை ஓட வேண்டும். மார்க்கத்தில் வட்டி கூடாது என்பதில் உறுதியாக இருக்கும் நாங்கள், மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு அதே தொகையைக் கொடுக்கும்போது யாருக்கு நட்டம் என்று கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது சம்பளம் விழுந்ததும் முதலில் ஒழுங்கைக் கடை, பிறகுதான் டவுன். கொப்பியில் பெயர் உள்ளவர்கள் இந்த மாதம் பாதியாவது கட்டினால் காக்கா மட்டையைக் கழற்றுவார் என்று நினைக்கிறோம். அவரிடம் வாக்குறுதி வாங்கவில்லை, கேட்க முகமும் இல்லை. சத்தம் போட வேண்டிய இடத்தில் போடத்தான் வேண்டும். பக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் எடுத்தால், விலைப்பட்டியல் தொங்கவிடாவிட்டால், பில் கேட்டும் தராவிட்டால் அவை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். அதற்கு வாட்ஸ்அப் படம் தேவையில்லை. படம் போடத்தான் வேண்டும் என்றால், போடுமுன் கடைக்காரரிடம் "லொறியில என்ன விலை காக்கா?" என்று ஒரு தரம் கேளுங்கள்.

திங்கட்கிழமை தரம் 8 பிள்ளைகளுக்கும் பக்கெட் கணக்கு ஆரம்பிக்கிறோம். வெறும் பக்கெட்டுகளையும், சுப்பர்மார்க்கெட் பில் இருந்தால் அதையும் கொடுத்தனுப்புங்கள். பால்மாப் பக்கெட்டைக் கழுவித் தாருங்கள். போன முறை வகுப்பு முழுக்க எறும்பு.